கோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஊர்களின் மரபிடங்கள்

மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அடுத்தடுத்து வருகின்றன. பேருந்தில் அரை மணி நேர இடைவெளிதான். ஒன்று கோயில் ஊர், மற்றது ஆலை ஊர் என்று எப்போதோ யாரோ பிரித்துவைத்தது அப்படியே நிலைத்துவிட்டது. வெளியூரிலிருந்து வருபவர்கள் ஆண்டாளைச் சேவித்து, கோபுரத்தைப் படமெடுத்து, பால்கோவா கட்டி வாங்கிக்கொண்டு குற்றாலத்துக்கு வண்டியை விடுகிறார்கள். நடுவில் ராஜபாளையம் என்று ஓர் ஊர் வந்ததே அவர்கள் நினைவில் இருப்பதில்லை. வணிக வேலையாக ராஜபாளையம் வருபவர்களுக்கோ ஸ்ரீவில்லிபுத்தூர், போகிற வழியில் ஒரு கும்பிடு.

இரண்டு ஊர்களையும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாகப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இங்குள்ள மரபிடங்களில் பெரும்பாலானவை, ஏற்கெனவே இருந்தவர்களும் வந்து குடியேறியவர்களும் ஒருவரையொருவர் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கான சான்றுகள். தமிழ் பேசியவர்கள், தெலுங்கு பேசியவர்கள், நெசவாளர்கள், நாயக்க அதிகாரிகள், ஆங்கிலேயக் கலெக்டர்கள், மிஷனரிகள், மில் முதலாளிகள் என்று ஒவ்வொருவரும் எதையோ விட்டுச்சென்றிருக்கிறார்கள். அவற்றைத் தேடுவது சிரமமாக இருப்பதற்கு நிர்வாக வரலாறும் ஒரு காரணம். இந்தப் பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டம், பிறகு இராமநாதபுரம், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டம். ஓர் ஊரின் பழைய ஆவணத்தைப் பார்க்க மூன்று மாவட்டங்களின் கோப்புகளைத் தேட வேண்டும்.

முதலில் கண்ணில் படுவது கோபுரம்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். பதினொரு நிலை, சுமார் 192 அடி உயரம். இது ஆண்டாள் சன்னதியின் கோபுரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். பெருமாளான வடபத்ரசாயியின் கோயில் கோபுரம் அது. ஆண்டாள் கோயில் தென்மேற்கில் தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் இடையில்தான் நந்தவனம். பாண்டியன் அவையில் வென்ற பொற்கிழியைக் கொண்டு ஆண்டாளின் தந்தை பெரியாழ்வாரே இக்கோபுரத்தைக் கட்டினார் என்பது கோயில் மரபு. கட்டட அமைப்பைப் பார்ப்பவர்களுக்கு இன்றைய வடிவம் பிற்காலத்தைச் சேர்ந்தது என்பது தெரியும்; இத்தனை நிலைகள் கொண்ட கோபுரங்கள் விஜயநகர, நாயக்கர் காலத்தின் வழக்கம். மதுரைக் கோபுரங்களைப் போல் சுதைச் சிற்பங்கள் இதில் அடைந்து கிடப்பதில்லை. கோடுகளும் அடுக்குகளும் மட்டுமே மேலே மேலே ஏறுகின்றன. அருகில் நின்று பார்ப்பதைவிட, திருமுக்குளத்துப் பக்கம் தள்ளி நின்று பார்த்தால் அதன் அளவு பிடிபடும்.

தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த முத்திரையை 1940களின் இறுதியில் வரைந்தவர் மதுரையைச் சேர்ந்த ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ். அவர் மனத்தில் இருந்தது மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. இந்த வழக்கு முடியப்போவதில்லை. முத்திரை நடைமுறைக்கு வந்த 1949இல் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பதவியேற்றவர் ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா என்பதால், பக்கத்து ஊர்க் கோபுரம் தேர்வானதில் வியப்பில்லை என்று சிலர் சொல்வதுண்டு. காலம் பொருந்துவதை மட்டும் வைத்துக் காரணம் சொல்லிவிட முடியாது. கோபுரத்தின் பெருமைக்கு முத்திரையின் சிபாரிசு தேவையுமில்லை.

உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் ஆண்டாள் சன்னதி வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். வடபத்ரசாயி இருப்பது மேல்தளத்தில். படியேறிப் போக வேண்டும் என்பதாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். அங்குள்ள கோபால விலாச மண்டபத்தின் மர வேலைப்பாட்டை ஒரு முறையாவது தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். கல்லில் இத்தனை சாதித்த தமிழ்நாட்டுத் தச்சர்கள் மரத்தில் என்ன செய்தார்கள் என்பதற்குத் தேர்களை விட்டால் நம்மிடம் சான்று குறைவு. மழையும் கரையானும் தின்றது போக மிஞ்சிய சிலவற்றில் இது ஒன்று. ஆண்டாள் கோயிலில் வாளேந்திய வீரபத்திரர் சிற்பங்கள் கொண்ட தூண்கள் இருக்கின்றன. தென்காசி, கிருஷ்ணாபுரம், தாடிக்கொம்பு என்று தென்பாண்டி நாட்டில் விஜயநகர, நாயக்கர் காலத்தில் எழுந்த மண்டபங்களோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தூணும் சிலையும் ஒரே கல். ஒரு வைணவத் தலத்தின் மண்டபத்தில் சிவனுடைய கோபத்தில் பிறந்த வீரபத்திரருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, அந்தக் காலத்து ஆட்சியாளர்களும் சிற்பிகளும் நம்மளவுக்குக் கறாராக இருக்கவில்லை என்றுதான் பதில் சொல்ல முடியும்.

ஆண்டாளின் காலம் பற்றிய ஆராய்ச்சியும் சுவையானது. வெள்ளி எழுந்து வியாழன் உறங்கியதாகத் திருப்பாவையில் வரும் குறிப்பை வானியல் கணக்கில் இட்டுப் பார்த்து, மு. இராகவையங்கார் கி.பி. 731 என்று ஒரு முடிவுக்கு வந்தார். வேறு ஆண்டுகளை முன்வைத்தவர்களும் உண்டு. பொதுவாக எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு என்று வைத்துக்கொள்கிறார்கள். திருப்பாவை முப்பது பாடல். நாச்சியார் திருமொழி 143. இவ்வளவு எழுதிய ஒரு பெண் கவி பிறந்து வளர்ந்த இடம் என்று சுட்டிக்காட்டக்கூடிய ஊர், உலக இலக்கிய வரலாற்றிலேயே அந்தக் காலகட்டத்தில் அதிகம் கிடையாது. நந்தவனத்தில் துளசிச் செடியடியில் குழந்தை கிடைத்த இடத்தையும், மாலையைச் சூடி அழகு பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணற்றையும் காட்டுகிறார்கள். இவற்றைத் தொல்லியல் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. ஓர் ஊர் தன் கவிஞரை இடம் குறித்து, கிணறு குறித்து நினைவில் வைத்திருக்கிறது என்பதே பெரிய செய்தி.

கோயிலில் பார்க்க வேண்டியவற்றில் எனக்கு முதன்மையாகப் படுபவை கல்லிலும் மரத்திலும் இல்லை. செய்யப்பட்டுச் சில பொழுதில் கலைந்துபோகிறவை அவை. ஆண்டாளின் கையிலுள்ள கிளி அப்படி ஒன்று. மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் மூக்கு என்று ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதேபோல் மாலை. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்குத் திருமலைக்குப் போகிறது. சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கு மதுரைக்குப் போகிறது. ஓர் ஊரிலிருந்து கிளம்பும் பூமாலை இரண்டு பெருந்திருவிழாக்களின் மையமாவது, சாலைகளும் மண்டகப்படிகளும் மரியாதை உரிமைகளும் சேர்ந்த ஒரு பழைய வலைப்பின்னல் இன்னும் அறுந்துபோகவில்லை என்பதைக் காட்டுகிறது.

மூன்றாவது, அரையர் சேவை. கூம்பு வடிவக் குல்லாயும் கைத்தாளமுமாக நின்று திவ்வியப் பிரபந்தப் பாசுரங்களைப் பாடி, அபிநயித்து, வியாக்கியானம் சொல்லும் இந்தக் கலை ஒரு காலத்தில் பல வைணவத் தலங்களில் இருந்தது. இன்று தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் எஞ்சியிருக்கிறது. பெருமாள் மேல் மையல் கொண்ட தலைவிக்குக் குறி சொல்லும் கட்டுவிச்சியாக அரையரே மாறி, முத்துக்களைப் பரப்பிப் பார்க்கும் முத்துக்குறி இதன் உச்சம். நாடகம், இசை, உரைமரபு மூன்றும் பிரிவதற்கு முன் எப்படி ஒன்றாக இருந்தன என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. திருவிழா நாட்களை விசாரித்துக்கொண்டு வர வேண்டும். நினைத்த நாளில் பார்க்கக் கிடைக்காது.

இனி, இரண்டு ஊர்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கான காரணத்துக்கு வருவோம். 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ஒரு பெருங்காப்பியம் எழுதினார். பெயர் ஆமுக்தமால்யதா; தெலுங்கின் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக எண்ணப்படுவது. கதை நடக்கும் இடம் ஸ்ரீவில்லிபுத்தூர், நாயகி ஆண்டாள், அவள் தந்தை விஷ்ணுசித்தரான பெரியாழ்வார். தெலுங்கு நாட்டின் பேரரசன், அன்றைக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய தமிழ்க் கவி ஒருத்தியைப் பாட, பெரியாழ்வார் வீட்டில் எந்தப் பருவத்தில் அடியார்களுக்கு என்ன விருந்து என்பது வரை விவரித்துச் செல்கிறான். தமிழ்நாட்டின் ஒரு சிற்றூர் இன்னொரு மொழியின் செவ்விலக்கியத்துக்கு நிலைக்களமாவது அரிது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வருபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிகிறது? தெலுங்கு நாட்டிலிருந்து வரும் பக்தர்களுக்குத் தெரியும். மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை ஓதப்படுவதால், தமிழ் எழுத்து தெரியாதவர்களும் முப்பது பாட்டையும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

அந்தத் தெலுங்குத் தொடர்பு நூலோடு நிற்கவில்லை. மதுரை நாயக்கர்கள் இந்த ஊரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கருக்கு இங்கே ஓர் அரண்மனை உண்டு. மதுரை மகாலின் பிரமாண்டத்தை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். தூண்களும் வளைவுகளும் கொண்ட, அளவில் அடக்கமான கட்டடம். பிற்காலத்தில் அரசு அலுவல்கள் அதில் நடந்தன; இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. மாவட்டத் தலைநகர் விருதுநகராக இருந்தும் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இயங்குகிறது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். நாயக்கர் காலத்திலிருந்து இந்த ஊருக்கு ஓர் ஆட்சி ஊர் என்ற தகுதி தொடர்ந்து வருகிறது. கோயிலை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தத் தொடர்ச்சி தெரியாமல் போகும்.

திருமலை நாயக்கரைப் பற்றிய கதை ஒன்று சாலையோரத்தில் கல்லாக நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பூசை முடிந்த பிறகே மதுரையில் உணவருந்துவது அவர் வழக்கம். பூசை முடிந்ததைத் தெரிவிக்க வழிநெடுக மண்டபம் கட்டி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு முரசொலி போகும்படி ஏற்பாடு செய்தார் என்கிறார்கள். நகரா மண்டபங்கள் என்ற பெயரில் சில இன்றும் இருக்கின்றன. மடவார்வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலில் வயிற்றுநோய் தீர்ந்தது, அதற்கு நன்றியாகவே இந்த ஏற்பாடு என்று சைவர்கள் சொல்ல, ஆண்டாளுக்காக என்று வைணவர்கள் சொல்வார்கள். கட்டபொம்மனுக்கும் திருச்செந்தூருக்கும் இடையே இதே கதை மணியோசையாக வழங்குகிறது. அரசன் பசியோடு கடவுளின் பூசைக்காகக் காத்திருப்பது தென்பாண்டி நாட்டுக்குப் பிடித்தமான கதை போலும். கதையைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் மண்டபங்கள் முக்கியமானவை. நாயக்கர் காலத்து நெடுஞ்சாலை எந்த வழியாகப் போனது என்பதைக் காட்டும் மைல்கற்கள் அவை. சாலை விரிவாக்கம் வரும்போது முதலில் அடிபடுகிறவையும் இவைதான்.

மடவார்வளாகத்துக்குத் தனியாக ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள். ஆண்டாள் பெயரால் அறியப்பட்ட ஊரில் இத்தனை பெரிய சிவன் கோயில் இருப்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. கூட்டமும் குறைவு. பங்குனியில் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழித் திருவிழாவுக்கு வந்தால் இந்த ஊரின் வேறொரு முகம் தெரியும்.

ஆங்கிலேயர் காலத்து எச்சங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது பென்னிங்டன் நூலகம். 1875இல் தொடங்கப்பட்டது, அன்றைய திருநெல்வேலிக் கலெக்டர் ஜே.பி. பென்னிங்டன் பெயரால் வழங்குகிறது. சென்னை கன்னிமாரா நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1896இல். தலைநகரில் கன்னிமாரா வருவதற்கு இருபத்தோரு ஆண்டுகள் முன்பே, ரயில் எட்டிப்பார்க்காத ஒரு தாலுகா ஊரில் பொது நூலகம் இருந்தது என்பதை எண்ணிப்பாருங்கள். விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927இல்தான் வந்தது. அன்றைக்குப் புத்தகம் மாட்டுவண்டியில் வந்திருக்க வேண்டும். நம் மரபிடப் பட்டியல்களில் நூலகங்களுக்கு இடம் கொடுப்பதில்லை. கோயில், கோட்டை, அரண்மனை என்று முடித்துக்கொள்கிறோம். ஒரு சமூகம் எப்போது, யாருக்காக, யார் பணத்தில் படிக்கத் தொடங்கியது என்பதற்கு நூலகத்தைவிட நேரடிச் சான்று எது? இதே காலகட்டத்தில் சி.எம்.எஸ். என்ற கிறித்தவ மிஷனும் இந்த வட்டாரத்தில் வேரூன்றியது. அதைச் சேர்ந்த டி.ஜி. ராக்லாந்து 1854இல் தொடங்கிய வடதிருநெல்வேலி ஊர்சுற்றி ஊழியம், கூடாரத்தோடு கிராமம் கிராமமாகப் போனது. அவர் 1858இல் சிவகாசியில் இறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் சி.எம்.எஸ். பெயரிலுள்ள பள்ளி அந்த வரலாற்றின் மிச்சம்.

பால்கோவாவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, சாப்பிட்டால் போதும். பசும்பாலும் சர்க்கரையும் மட்டுமே சேர்த்து விறகடுப்பில் கிண்டுவது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இதன் வரலாற்றிலும் ஒரு குடியேற்றம் ஒளிந்திருக்கிறது: கடை வைத்து இதைப் பெயர்பெறச் செய்தவர்கள் வடக்கிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட சிங் குடும்பத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். இன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கே உரிய தின்பண்டம் என்று நாம் முத்திரை குத்திக் காப்பது, வந்தவர்கள் கொண்டுவந்த கைப்பக்குவம்.

ராஜபாளையத்துக்கு வந்தால் கோபுரம் மாதிரி கண்ணை இழுக்கும் ஒன்று இல்லை. அதனால்தான் பயணக் கையேடுகளில் இவ்வூருக்கு இடமில்லை. இங்கே பார்க்க வேண்டியது ஊரின் அமைப்பையே. ஆந்திரத்திலிருந்து தெற்கே வந்த ராஜுக்கள் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் குடியேறி உருவாக்கிய ஊர் இது. விஜயநகர ஆட்சி தளர்ந்த காலத்தை ஒட்டிய இடப்பெயர்வு என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. பழையபாளையம், சிங்கராஜா கோட்டை, சக்கராஜா கோட்டை என்ற குடியிருப்புகளின் பெயர்களே சொல்கின்றன, இவர்கள் போர்த்தொழில் மரபினராக வந்தவர்கள் என்று. கோட்டை என்றதும் மதிலும் அகழியும் தேடாதீர்கள். உறவுமுறையார் ஒன்றாகக் குடியிருக்கும் பகுதிதான் கோட்டை. அதற்கென்று பொதுச் சாவடி. பஞ்சாயத்தும் நல்லது கெட்டதும் அங்கே கூடிப் பேசப்பட்டன. சாவடித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் தங்களுக்குள் தெலுங்கிலும், வழி கேட்டு நிற்கும் உங்களிடம் நல்ல நெல்லைச் சாயல் தமிழிலும் பேசுவார்கள். வீட்டில் தெலுங்கு, பள்ளியிலும் கடையிலும் தமிழ் என்று தலைமுறைகளாக வாழும் ஏற்பாடு இது.

குமாரசாமி ராஜாவின் முதலெழுத்தான ‘பூ’ பூசபாடி என்ற வீட்டுப் பெயரைக் குறிப்பது. ஆந்திரத்தின் விஜயநகரம் சமஸ்தானத்தை ஆண்ட அரச குடும்பத்துக்கும் அதே வீட்டுப் பெயர். ஒரே வீட்டுப் பெயர், கடலோர ஆந்திரத்தில் ஒரு சமஸ்தானமாகவும் தென்தமிழ்நாட்டில் ஒரு காந்தியவாதியின் முதலெழுத்தாகவும் நிற்பதைப் பார்க்கும்போது, இந்த இடப்பெயர்வின் நீளம் புரிகிறது.

ராஜுக்கள் வந்தபோது இடம் வெறுமையாகக் கிடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ராஜபாளையத்தில் பெத்தவநல்லூர் என்ற பகுதியும், அங்கே மாயூரநாத சுவாமி கோயிலும் இருக்கின்றன. பேறுகாலத்தில் தவித்த பெண்ணுக்குத் தாய் வடிவில் வந்து இறைவன் பிரசவம் பார்த்தார் என்பது தலக்கதை. திருச்சித் தாயுமானவர் கதையின் உறவு. பேச்சுமொழியில் தமிழும் தெலுங்கும் கலந்த ஊரில், இந்தக் கோயில் தமிழ்க் குடியிருப்பின் பழமையை நினைவூட்டுகிறது. இதோடு சாலியர் நெசவுத் தெருக்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர் முழுமையாகும். ராஜபாளையத்தை ராஜுக்களின் ஊர் என்று மட்டும் சொல்வது, ஸ்ரீவில்லிபுத்தூரைக் கோயில் மட்டும் என்று சொல்வது போன்ற அதே சோம்பேறித்தனம்தான்.

குமாரசாமி ராஜா 1898இல் இங்கே பிறந்தவர். 1949 ஏப்ரலில் மாகாணப் பிரதமரானார். 1950இல் குடியரசு வந்தபோது சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சர் என்ற பெயர் அவருக்கு வாய்த்தது. 1952 தேர்தலில் தோற்றார். பிறகு 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநர். 1957இல் மறைந்தார். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்பதுதான் அவரைப் பற்றி இந்த ஊர் முதலில் சொல்வது. முதலமைச்சர்களின் வீடுகள் நினைவில்லங்களாவது தமிழ்நாட்டில் வாடிக்கை. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்குக்கண்ணாடியும் பேனாவும் இருக்கும். வாழும்போதே வீட்டை ஊர்ப் பொதுவுக்கு ஒப்படைப்பது வேறு வகை. ராஜபாளையத்தில் ஓர் இடம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் நான் இங்கே போகச் சொல்வேன்.

அடுத்தது ஆலை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். கிழக்கே கரிசல் காட்டுப் பருத்தி, 1927இல் வந்த ரயில், நெசவு தெரிந்த கைகள் மூன்றும் ஏற்கெனவே இருந்தன; முதலீடும் துணிச்சலும் சேர்ந்தபோது ஊர் மாறியது. நூற்பாலையிலிருந்து சிமெண்ட் வரை வளர்ந்த ராம்கோ குழுமத்தின் வேர் இங்கேதான். ஆலைச் சங்கு ஊரின் நேரத்தைத் தீர்மானித்த பிறகு கிராமங்களின் தொழிலும் மாறியது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகள் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்கின்றன. காயத்தில் சுற்றும் மெல்லிய வலைத்துணி எங்கிருந்து வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. இந்தியாவில் அதற்குப் பெயர்போன இடம் இது. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். சேலையிலிருந்து கட்டுத்துணிக்கும் நைட்டிக்கும் மாறிய தறிகளின், தையல் இயந்திரங்களின் கதை எந்த அருங்காட்சியகத்திலும் சொல்லப்படவில்லை.

ராஜபாளையம் நாயையும் மரபாகவே எண்ண வேண்டும். வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, அந்நியரை நெருங்கவிடாத குணம். 2005இல் இந்திய அஞ்சல் துறை இந்திய நாயினங்களுக்கு வெளியிட்ட அஞ்சல்தலைகளில் இதற்கும் ஒன்று உண்டு. மாநில அரசு சென்னை சைதாப்பேட்டையில் நடத்திவந்த இனப்பெருக்க நிலையத்திலும் இது இடம்பெற்றது. தூய வெள்ளைக்காகவே திரும்பத் திரும்ப நெருங்கிய இரத்தத்தில் இனப்பெருக்கம் செய்ததில் காது கேளாத குட்டிகள் பிறப்பது இந்த இனத்தின் பெரிய குறை. அழகைக் காப்பாற்றப் போய் உயிரின் உறுதியை இழப்பது கட்டடங்களுக்கு மட்டும் நேர்வதில்லை.

இரு ஊர்களுக்கும் பொதுவான பின்னணி மலை. ஸ்ரீவில்லிபுத்தூரின் தோற்றக் கதையிலேயே காடு வருகிறது: வில்லி, கண்டன் என்ற வேடச் சகோதரர்களில் கண்டனைப் புலி கொன்றுவிட, துயரத்தில் கிடந்த வில்லியின் கனவில் பெருமாள் தோன்றிக் கோயில் கட்டச் சொன்னார். 2021 பிப்ரவரியில் இதே மலை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் 1988 முதல் நரை அணில்களுக்கான சரணாலயம். செண்பகத்தோப்பு வழியாகக் காட்டழகர் கோயிலுக்குப் போகிறவர்கள் வனத்துறை அனுமதி, நேரக் கட்டுப்பாடு இரண்டையும் விசாரித்துக்கொண்டு போக வேண்டும். சமவெளிப் பக்கம் இறங்கினால் சிவகாசிக்கு அருகே வெம்பக்கோட்டை. 2022இலிருந்து அங்கே வைப்பாற்றங்கரையில் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்கள், சுடுமண் உருவங்கள், மணிகள் என ஆயிரக்கணக்கில் கிடைத்தன. சங்கறுத்து வளையல் செய்து விற்றவர்கள் கோயில்களுக்கும் முந்தியே இந்த வட்டாரத்தில் வாழ்ந்திருக்கிறார்கள்.

இத்தனையும் ஓர் இடத்தில் ஒருவருக்கு விளங்கும்படி சொல்லப்படுகிறதா என்றால், இல்லை. அரசு அருங்காட்சியகம் விருதுநகரில் இருக்கிறது; கோயில் தன் கதையைச் சொல்கிறது; ஆலை தன் கதையைச் சொல்கிறது. 1970களின் தொடக்கத்தில் பிரான்சில் ஹ்யூக் டி வரீன் போன்றவர்கள், பொருள்களைக் கட்டடத்துக்குள் குவிப்பதை விட்டு, ஒரு வட்டாரத்தையே அதன் மக்களோடு சேர்த்து அருங்காட்சியகமாகக் கருதலாம் என்றார்கள். லெ க்ரூஸோ என்ற இரும்பாலை ஊரில் அதைச் செய்தும் காட்டினார்கள். நமக்கு அருகில் உள்ள முன்மாதிரி 1996இல் சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா. அங்கே தென்னாட்டு வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அழிந்துபோவதிலிருந்து அவை காப்பாற்றப்பட்டன என்பது உண்மை. ஆனால் ராஜபாளையம் சாவடியைப் பெயர்த்துக்கொண்டு போனால் அதில் பேசப்படும் தெலுங்கு வராது. அரையர் குல்லாயைக் கண்ணாடிக்குள் வைத்தால் முத்துக்குறி வராது. இந்த வட்டாரத்துக்குப் பொருந்துவது லெ க்ரூஸோ வழி.

அதற்குப் பெரிய கட்டடமோ கோடிக்கணக்கில் நிதியோ வேண்டியதில்லை. பென்னிங்டன் நூலகத்தையும் காந்தி கலை மன்றத்தையும் இரு வாசல்களாகக் கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, இரண்டு ஊர்களையும் சேர்த்துக் காட்டும் ஒரு வரைபடம், ஒலிப்பதிவுகள் கேட்க ஒரு மேசை. நகரா மண்டபங்களுக்கும் கோட்டைச் சாவடிகளுக்கும் தமிழிலும் தெலுங்கிலும் பெயர்ப்பலகை. கல்லூரி மாணவர்களைக் கொண்டு முதலில் பதிவுசெய்ய வேண்டியவை மூன்று: ராஜபாளையத்து வீட்டுத் தெலுங்கு, கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கு மாறியவர்களின் வாய்மொழி, ஆண்டாள் கிளி கட்டும் கைவேலை. நகராட்சிகள் இரண்டும் மனம் வைத்தால் ஓராண்டில் தொடங்கிவிடலாம். தறி நெய்த தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. காலந்தாழ்த்தினால் பதிவுசெய்ய ஆள் இருக்க மாட்டார்கள்.

அதுவரை, அடுத்த முறை ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். காலையில் வடபத்ரசாயியின் மேல்தளம், நூலகம், நாயக்கர் அரண்மனை, மாலையில் மடவார்வளாகம். மறுநாள் ராஜபாளையம் போய், வண்டியை நிறுத்திவிட்டுக் கோட்டைத் தெருக்களில் நடந்து பாருங்கள்.